முசியாலா யாருக்குக் கடன்பட்டவர்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் கால்பந்து வீரர் ஜமால் முசியாலாவின் ஆட்டத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ரசித்துப் படித்தேன். ஆனால் ஒரு விஷயத்தைத் தொடாமலே போய்விட்டீர்கள். ஏழு வயதில் இங்கிலாந்துக்கு வந்த பையன். லண்டனின் செல்சி கிளப் எட்டு வருஷம் வைத்து ஆட்டம் கற்றுக்கொடுத்தது. 15 வயதுக்குட்பட்டோர் அணியில் தொடங்கி 21 வயதுக்குட்பட்டோர் அணி வரை இங்கிலாந்து ஜெர்சிதான். பெரிய அணியில் ஆடும் நேரம் வந்ததும் ஜெர்மனிக்குப் போய்விட்டார். நான் பல வருஷமாக இங்கிலாந்து ரசிகன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எனக்கு இது அப்படித்தான் தெரிகிறது. இப்படிக் கலப்புக் குடும்பத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கு எந்த நாட்டின் மேலும் ஒட்டு இருக்காதோ?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தின் கடைசி வரி என்னைக் கொஞ்சம் வருத்தியது. முசியாலா மேல் உங்களுக்கு உள்ள கோபம் புரிகிறது. ஆசை வைத்த இடத்தில்தான் கோபமும் வரும். ஆனால் அந்தக் கடைசி வரி ஒரு வீரரோடு நிற்கவில்லை. இரண்டு மண்ணுக்குப் பிறந்த எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

அவர் எங்கிருந்து வந்தார் என்று முதலில் பார்ப்போம். 2003 பிப்ரவரி 26 அன்று ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் பிறந்தார். அம்மா ஜெர்மன்காரர், போலந்து வேர் உள்ளவர். அப்பா நைஜீரிய வம்சாவளியில் வந்த பிரிட்டிஷ்காரர். ஃபுல்டா என்ற ஊரில் வளர்ந்து, அங்கே டி.எஸ்.வி. லேனெர்ஸ் என்ற சின்ன கிளப்பில் பந்தை உதைக்க ஆரம்பித்தார். 2010-இல் அம்மாவின் படிப்புக்காகக் குடும்பம் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்குப் போனது. கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் போனார்கள், அங்கேயே தங்கிவிட்டார்கள். ஏழு வயதுப் பையனுக்கு ஆங்கிலம் தெரியாது. வகுப்பில் யார் என்ன பேசுகிறார்கள் என்று புரியாது. மைதானத்தில் பந்து காலுக்கு வந்தால் மட்டும் எல்லாம் புரியும். கூட்டாளிகள் கிடைத்ததும் அப்படித்தான்.

சவுத்தாம்ப்டன் கிளப், அடுத்த வருஷமே செல்சி, அப்புறம் க்ராய்டனில் விட்கிஃப்ட் பள்ளி. இங்கிலாந்து அவருக்குச் செய்தது சின்ன விஷயமில்லை. முசியாலாவின் ஆட்டத்தில் ஒரு காட்சி அடிக்கடி வரும். இரண்டு மூன்று பேர் சூழ்ந்து நிற்பார்கள், பந்தை எடுத்துவிட்டோம் என்று அவர்கள் நினைக்கும்போது, அந்த மெலிந்த கால்கள் கதவிடுக்கில் பூனை நுழைவதுபோல நுழைந்து வெளியே வந்திருக்கும். பந்து அவர் காலை விட்டு ஒரு சாண்கூடத் தள்ளிப் போயிருக்காது. அந்த வித்தை தெற்கு இங்கிலாந்தில் பழகியது. நீங்கள் அதில் பெருமைப்படுவது நியாயம்தான்.

சரி, 2019-இல் என்ன நடந்தது? பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகப்போகிறது என்ற குழப்பம் உச்சத்தில் இருந்த நேரம். குடும்பம் ஜெர்மனிக்கே திரும்பிவிட முடிவு செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். பையனுக்கு அப்போது 16 வயது. ஜெர்மனியின் பெரிய கிளப்பான பேயர்ன் மியூனிக்கின் இளையோர் அணியில் சேர்ந்தார். அதன் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 2020 ஜூன் 20 அன்று ஃப்ரைபுர்க் கிளப்புக்கு எதிராகக் கடைசி சில நிமிடங்கள் களத்தில் இறக்கினார்கள். கொரோனா காலம், ஆளில்லாத மைதானம். 17 வயது 115 நாள். பேயர்ன் அணிக்காக ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புண்டஸ்லிகாவில் அதுவரை அவ்வளவு சின்ன வயதில் யாரும் ஆடியதில்லை. அந்த செப்டம்பரில் ஷால்கேயை எட்டுக்குச் சைபர் என்று நொறுக்கிய ஆட்டத்தில் எட்டாவது கோல் அவருடையது.

இப்போது நீங்கள் கோபப்படும் இடத்துக்கு வருகிறேன். 2021 பிப்ரவரி 23 அன்று ரோமில் லாட்சியோ கிளப்புக்கு எதிராக, ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். பதினெட்டு முடிய இன்னும் மூன்று நாள். பெனால்டி பெட்டிக்கு வெளியே பந்தை வாங்கித் தரையோடு ஓரமாக அடித்தார், கோல். சாம்பியன்ஸ் லீக்கில் கோல் அடித்த இங்கிலாந்து வீரர்களிலேயே மிக இளையவர் என்று அன்றிரவு லண்டனில் கொண்டாடினார்கள். மறுநாள் ஜெர்மனிக்கு ஆடப்போவதாக அறிவித்தார். அந்த ஒரு நாள் இடைவெளிதான் உங்களைப் போன்ற பலருக்கு வலித்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் அன்று அவர் சொன்னது என்ன? ஜெர்மனிக்காக ஓர் இதயம் இருக்கிறது, இங்கிலாந்துக்காகவும் ஓர் இதயம் இருக்கிறது, இரண்டும் துடித்துக்கொண்டேதான் இருக்கும் என்ற பொருளில்தான் பேசினார். ஒட்டு இல்லாத பிள்ளை பேசும் பேச்சா இது? இன்னொன்று. இந்த யோசனை திடீரென்று வந்ததல்ல. 2018-லேயே, செல்சியில் இருக்கும்போதே, ஜெர்மனியின் 16 வயதுக்குட்பட்டோர் அணிக்கு இரண்டு ஆட்டம் ஆடியிருக்கிறார். அப்புறம் மறுபடி இங்கிலாந்து இளையோர் அணிக்கு வந்திருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தவர் அவர். பெரியவர்கள் அணி என்று வரும்போதுதான் ஏதாவது ஒன்றைச் சொல்லு என்று விதி கேட்கிறது. ஜெர்மனியின் பயிற்சியாளர் யோஅகிம் லூவ் நேரிலேயே சந்தித்து, உன்னை எங்கே எப்படி ஆடவைப்பேன் என்று பேசினார். ஒரு தொழில்முறை வீரர் முடிவெடுக்கும்போது அதுவும் கணக்கில் வரத்தான் செய்யும்.

உண்ட வீடு என்கிறீர்கள். கிளப்புகளைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு தனி. ஒரு பையனை 12 வயதிலிருந்து பயிற்றுவித்த கிளப்புக்கு, பின்னால் அவனை எடுத்துக்கொள்ளும் கிளப் பயிற்சி இழப்பீடு தர வேண்டும் என்று ஃபிஃபாவில் விதியே இருக்கிறது. பணத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் பையனின் வாழ்நாள் முழுவதையும் அடமானம் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு கால்பந்தில் கிடையாது, இருக்கவும் கூடாது. அப்புறம், நாடு வளர்த்தது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மொழி தெரியாத ஊருக்கு ஒரு கையில் படிப்பையும் ஒரு கையில் பிள்ளையையும் பிடித்துக்கொண்டு போன ஒரு தாய் இருக்கிறாரே, வளர்த்தது என்றால் எனக்கு முதலில் அவர்தான் நினைவுக்கு வருகிறார். பெற்ற நாடு ஒன்று, வளர்த்த நாடு ஒன்று என்று தேவகி யசோதை கணக்குப் போட்டாலும் இங்கே பொருந்தாது. ஃபுல்டாவும் வளர்த்தது, லண்டனும் வளர்த்தது. அப்பா வழியில் நைஜீரியாவுக்கும் உரிமை உண்டு.

ஒட்டு இருக்காதோ என்று கேட்டீர்களே, கால்பந்து வீரர்களான போவாடெங் சகோதரர்களை நினைத்துப் பாருங்கள். ஒரே அப்பா, கானாக்காரர். அம்மாக்கள் வேறு, இருவருமே ஜெர்மன்காரர்கள். ஜெரோம் ஜெர்மனிக்கு ஆடினார். ஜெர்மனியின் இளையோர் அணிகளில் ஆடி வளர்ந்த கெவின் பிரின்ஸ் கானாவுக்குப் போனார். 2010 உலகக் கோப்பையில் ஜோகன்னஸ்பர்க்கில் இருவரும் எதிரெதிராக நின்றார்கள். அவரவர் நாட்டுக்காக உயிரைக் கொடுத்துத்தான் ஆடினார்கள்.

2021 ஜூன் 23 இரவை மறக்க முடியாது. யூரோ கோப்பை, மியூனிக்கில் ஜெர்மனியும் ஹங்கேரியும். நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை மணிக்கு ஆட்டம் ஆரம்பம். வீட்டில் எல்லோரும் தூங்கியதால் டிவி சத்தத்தை அடியோடு குறைத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே கொட்டும் மழை. ஹங்கேரி 2-1 என்று முன்னால் இருக்கிறது. அப்படியே முடிந்தால் ஜெர்மனி பிரிவில் கடைசி இடம், மூட்டை கட்ட வேண்டியதுதான். 82-ஆவது நிமிடம் முசியாலாவை உள்ளே அனுப்பினார்கள். பெரிய போட்டி ஒன்றில் ஜெர்மனிக்காக ஆடியவர்களில் அவரைவிட இளையவர் அதுவரை கிடையாது. அடுத்த இரண்டாவது நிமிடம். இடது பக்கம் பந்து வருகிறது. அவசரப்படவே இல்லை. ஒரு நொடி நிறுத்தி, காலை இப்படியும் அப்படியும் ஆட்டி, எதிராளி தயங்கிய நேரத்தில் உள்ளே தள்ளிவிட்டார். அங்கிருந்த நெரிசலில் தட்டுத் தடுமாறி சக வீரர் கோரெட்ஸ்காவின் காலுக்கு வந்தது, அடி, 2-2. நான் சத்தம் போட்டுவிட்டேன், உள்ளறையில் விளக்கு எரிந்தது.

அந்தச் சமநிலையால்தான் ஜெர்மனி அடுத்த சுற்றுக்குப் போனது. அடுத்த சுற்றில் யாரோடு, எங்கே என்று பாருங்கள்: இங்கிலாந்தோடு, லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில்.

ஜூன் 29. இங்கிலாந்து 2-0 என்று வென்றது. நீங்களும் அன்று துள்ளிக் குதித்திருப்பீர்கள். முதல் கோல் அடித்த ஸ்டெர்லிங் பிறந்தது ஜமைக்காவில். சிறுவனாக லண்டனுக்கு வந்து, அதே வெம்ப்ளிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். இரண்டாவது கோல் கேன், அவருடைய அப்பா அயர்லாந்துக்காரர். வலது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த சாகாவின் பெற்றோர் நைஜீரியர்கள். சாகா இங்கிலாந்தைத் தேர்ந்தெடுத்தபோது லாகோஸிலும் யாராவது உங்களைப் போலவே மனம் வெந்துபோய்க் கடிதம் எழுதியிருக்கலாம். நடுக்களத்தில் டெக்லன் ரைஸ். அவர் இளையோர் அணியோடு நிற்கவில்லை, அயர்லாந்தின் பெரியவர்கள் அணிக்கே மூன்று நட்பு ஆட்டம் ஆடிவிட்டு 2019-இல் இங்கிலாந்துக்கு வந்தவர். அயர்லாந்தில் அவரை என்னென்ன சொன்னார்கள் என்று நமக்குத் தெரியும். அன்று நீங்களும் நானும் ரைஸை இரண்டகம் செய்தவர் என்றா சொன்னோம்?

முசியாலா அன்று வெளியே உட்கார்ந்திருந்தார். ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு, 92-ஆவது நிமிடத்தில் உள்ளே அனுப்பினார்கள். அவர் வளர்ந்த நகரத்தின் மைதானம் அது. பந்தை நான்கு தடவை தொட நேரம் கிடைத்திருந்தால் அதிகம். நடுவர் விசில் ஊதினார். அந்த ஆட்டம் எங்காவது கிடைத்தால் கடைசி ஐந்து நிமிடத்தை மறுபடி பாருங்கள், ஆர். பார்த்துவிட்டு எழுதுங்கள்.