மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு காலில் ரத்தம் உறையாமல் இருக்க: கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளுக்கு, எலும்பு சிகிச்சை வார்டில் பல வருடம் பணியாற்றிய செவிலியர் ஒருவரின் பதில்கள்.

பாலக்கோடு: சிஸ்டர், அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றியிருக்கிறோம். கெண்டைச்சதை வலிக்கிறது என்கிறார். எண்ணெய் போட்டு நீவி விடலாமா?

வேண்டவே வேண்டாம். உள்ளே ரத்தம் உறைந்திருந்தால், நீவும்போது அது பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளலாம். உயிருக்கே ஆபத்து. ஆபரேஷன் ஆன கால் ஓரளவு வீங்குவது சகஜம்தான். ஆனால் வலியோடு வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ, தொட்டால் சூடாக இருந்தாலோ, இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறதா என்பது, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் தெரிந்துவிடும். ஆபரேஷன் ஆகாத காலிலும் ரத்தம் உறையலாம், அந்தக் காலையும் பாருங்கள். நீவி விட வருகிற உறவுக்காரர்கள் பாசத்தோடுதான் வருவார்கள். அவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, தடுத்துவிடுங்கள்.

காவேரிப்பட்டணம்: அப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றி 15 நாள் ஆகிறது. நன்றாக நடக்கிறார். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். நடக்க ஆரம்பித்ததும் ஆபத்து போய்விடுவதில்லை. பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் சீக்கிரம் உறையும் தன்மை வாரக்கணக்கில் நீடிக்கும். அதனால்தான் இடுப்புக்குப் பெரும்பாலும் 35 நாள் வரையும், முழங்காலுக்குக் குறைந்தது 10 முதல் 14 நாளும் மருந்து தருகிறார்கள். எனாக்ஸாபரின் ஊசி, ரிவராக்ஸபான், அபிக்ஸபான், ஆஸ்பிரின் என்று ஆளுக்குத் தக்கபடி மருந்து மாறும். பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்து ஒப்பிடாதீர்கள். ஒரு வேளை மறந்துபோனால், அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது. வலிக்கென்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீர்கள், ரத்தக்கசிவு வரலாம். மலம் கருப்பாகப் போனால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஊத்தங்கரை: பெங்களூரில் ஆபரேஷன். காரில் கூட்டி வரலாமா?

டிஸ்சார்ஜ் செய்யும் டாக்டர் சரி என்றால் வரலாம். ஒரே மூச்சில் ஓட்டி வராமல் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் நிறுத்தி, வாக்கரைப் பிடித்து நாலு எட்டு நடக்க வையுங்கள். வண்டியில் உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைக்கட்டும். ஒன்றுக்கு இறங்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் வர வேண்டாம்.

அரூர்: இறுக்கமான காலுறை மட்டும் போதுமா?

போதாது, அது மருந்துக்குத் துணைதான். சர்க்கரை நோயால் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள் கேட்காமல் போடவே கூடாது.

பென்னாகரம்: எப்போது 108-ஐக் கூப்பிட வேண்டும்?

திடீரென்று மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலித்தால், இருமலில் ரத்தம் வந்தால், மயக்கம் வந்தால். ராத்திரியாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். என்ன மருந்து, கடைசியாக எப்போது போட்டது என்று அங்கே கேட்பார்கள்.