ஒரே குழியில் தாத்தாவும் பாட்டியும்

கேள்வி: கல்லறைத் தோட்டத்தில் புது இடம் இல்லாததால், தாத்தாவின் குழியைத் திறந்து போன மாதம் பாட்டியை அடக்கம் செய்தோம். எலும்பைக் கலைத்தது பழைய ஏற்பாட்டுக்கு விரோதம், உயிர்த்தெழும்போது ஆள் மாறிவிடும் என்று அத்தை அழுகிறார். எருசலேம் மண்ணைத் தூவினால் சாபம் நீங்கும் என்று ஒருவர் பணம் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் மண் விற்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அயல்நாடுகளில் சிதறிய யூதர்களிடம் பிற்காலத்தில் வந்த வழக்கம் அது. பழைய இஸ்ரவேலர் குடியிருந்ததே அந்த மண்ணில்தான். அவர்களுக்குப் பொட்டலம் எதற்கு? உங்களிடம் நீட்டப்படுவது எந்த ஊர் வயல் மண்ணோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

இனி எலும்பு. பழைய ஏற்பாட்டுக் காலத்து யூதா நாட்டில் வசதியுள்ள குடும்பங்கள் பாறையைக் குடைந்து கல்லறை அமைத்தன. உள்ளே சுவரோரம் திண்ணை போல் கல் மேடை. அதில் உடலைக் கிடத்துவார்கள். அடுத்தவருக்கு இடம் வேண்டியபோது, காய்ந்த எலும்புகளைக் கூட்டி மேடைக்குக் கீழுள்ள குழியில் முன்னோரின் எலும்புகளோடு சேர்த்துவிடுவார்கள். எருசலேமின் கேதெப் இன்னோமில் 1979-இல் தொல்லியலாளர் கேபிரியேல் பர்காய் அகழ்ந்தபோது, கொள்ளையர் கைபடாத அப்படியொரு குழி கிடைத்தது. தொண்ணூறுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள். அவற்றோடு விளக்குகள், குடுவைகள், நகைகள், விரல் நீளம்கூட இல்லாத இரண்டு வெள்ளிச் சுருள்கள். சுருள்களைப் பிரித்துப் படிக்கவே ஆண்டுக்கணக்கானது. எழுதியிருந்தது, ஆராதனை முடிவில் நீங்கள் கேட்கும் அதே ஆசீர்வாதம்: கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர். ஆபிரகாம் 'தன் ஜனத்தாரோடே சேர்க்கப்பட்டான்' என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழிதான் நினைவுக்கு வருகிறது.

ஆள் மாறுமா? அந்தக் காலத்தவர், நல்லவரோ பொல்லாதவரோ, எல்லாரும் மரித்தோரின் இடமான பாதாளத்துக்குத்தான் போவதாக நம்பினார்கள். தீர்க்கதரிசி எலிசாவின் கல்லறையில் அவசரமாகப் போட்ட ஒரு பிணம் அவர் எலும்பில் பட்டதும் உயிர்பெற்ற கதையை அத்தைக்கு வாசித்துக் காட்டுங்கள் (2 இராஜாக்கள் 13). எழுந்து நின்றவன் அந்த மனிதன்தான், எலிசா அல்ல.

அத்தை சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. எலும்பைக் கலைப்பது வேதத்தில் சில இடங்களில் பெரும் அவமானம்தான். யோசியா ராஜா பெத்தேலில் கல்லறைகளைத் திறந்து, எலும்புகளைப் பலிபீடத்தில் எரித்துத் தீட்டுப்படுத்தினான். ஒரு தீர்க்கதரிசியின் கல்லறையை மட்டும் தொடவிடவில்லை. ஏதோம் ராஜாவின் எலும்புகளைச் சுண்ணாம்பாக நீற்றியதற்காக மோவாப் நாட்டைத் தீர்க்கதரிசி ஆமோஸ் கடிந்துகொள்கிறார். ஆனால் அங்கெல்லாம் தொட்டது பகைவன் கை, கருத்து இழிவுபடுத்துவது. சொந்தப் பிள்ளைகள் பாட்டிக்கு இடம் ஒதுக்கியது அந்தக் கணக்கில் வராது.

நீங்கள் விசாரிக்க வேண்டியது வேறு. குழி வெட்டியவர் தாத்தாவின் எலும்புகளை அதே குழியில் அடியில் வைத்தாரா, மண்ணோடு வெளியே வாரினாரா? நிர்வாகத்திடம் கேளுங்கள். பளிங்குக் கல்லுக்கு மூன்று ரசீது போடுகிறவர்கள், எலும்பு எங்கே என்று பதிவேட்டில் ஒரு வரி எழுத மாட்டார்கள். இரண்டாவது கல் கட்டாயம் என்பார்கள். பழைய கல்லில் இடமிருந்தால், பாட்டியின் பெயரையும் அதிலேயே பொறிக்கச் சொல்லுங்கள்.