அரிதாரப் பெட்டி: ஜோக்கர் வந்தால் மேஜைக்கு அடியில்

போன இதழில், நான் ஜோக்கர் வேஷம் கட்டிய கதையை நாலு வரி எழுதியிருந்தேன். மேக்கப் பற்றித்தான் கேள்வி வரும் என்று நினைத்தால், வந்ததெல்லாம் பயம் பற்றி. பாதிப் பேர் 'பெயர் போடாதீர்கள்' என்று வேறு எழுதியிருக்கிறார்கள். சரி, யாருக்குமே பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போடுகிறேன்.

என் மகனுக்கு ஐந்து வயது. நாத்தனார் வீட்டுப் பிறந்தநாள் விழாவுக்கு ஜோக்கரை வரவழைத்திருந்தார்கள். அவரைப் பார்த்ததும் கேக் மேஜைக்கு அடியில் புகுந்தவன் விழா முடியும்வரை வெளியே வரவில்லை. 'ஆம்பளப் பிள்ளை, ஜோக்கருக்குப் போய் பயப்படறானே' என்று எல்லோரும் சிரித்தார்கள். இப்போது யார் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டாலும் 'ஜோக்கர் வருவாரா?' என்கிறான். இது ஏதாவது வியாதியா?
(தேனியிலிருந்து ஓர் அம்மா)

வியாதி இல்லை அம்மா. பையனுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, அவ்வளவுதான். சிரித்தவர்களை விடுங்கள்.

1988 என்று நினைக்கிறேன். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழாவில் வாசலில் ஜோக்கராக நிற்க 35 ரூபாய்க்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஒத்துக்கொண்டிருந்தேன். கடையில் கண்ணாடி தரமாட்டார்கள் என்று வீட்டிலேயே மேக்கப் போட உட்கார்ந்தேன். முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து முகம் முழுக்கத் தடவினேன். அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு டப்பா மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சிவப்பு வட்டம் வைத்தேன். 'எனக்கு' என்றாள், அவளுக்கும் ஒரு பொட்டு. கண்ணுக்கு மேலே கறுப்புக் கோடு. அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் உதட்டிலிருந்து பாதிக் கன்னம் வரைக்கும் ஒரு சிரிப்பை இழுத்துவிட்டுத் திரும்பினேன். மூடியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

'நான்தான்டா கண்ணு' என்றேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. குரல் அப்பாவுடையது, வாய் வேறு யாருடையதோ. எனக்கானால் முகம் சுண்டிப்போய்விட்டது. ஆனால் கண்ணாடியில் பார்த்தால் காது வரைக்கும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அழவில்லை அவள். தள்ளி நின்றே என்னைச் சுற்றி வந்தாள். பக்கவாட்டில் வந்தபோது காது கண்ணில் பட்டது. காதுக்கு நான் வெள்ளை பூசவில்லை (எண்ணெய் உள்ளே வழிந்துவிடும் என்றுதான், பெரிய கலை யோசனை ஒன்றும் இல்லை). அதைப் பிடித்து மடக்கிப் பார்த்தாள். பின்பக்கம் என் மச்சம் இருந்தது. அப்புறம் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ வேஷம் கட்டியாயிற்று, பிள்ளைகள் வருகிற இடமென்றால் காதைப் பூசியதே இல்லை.

என் மகள் அந்த முகம் உருவாவதை முதலிலிருந்து பார்த்தவள். அவளே அப்படிப் பதறினாள் என்றால், முழு வேஷத்தோடு, ஸ்பீக்கரில் பாட்டு அலற, கதவைத் திறந்துகொண்டு ஒருவர் நேராகத் தன்னை நோக்கி வருவதைப் பார்த்த உங்கள் பையன் என்ன செய்வான்? மேஜைக்கு அடியில் போனது புத்திசாலித்தனம். போதாததற்கு 'சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போய்விடுவான்' என்று சொல்லித்தான் நம் வீடுகளில் சோறு ஊட்டுகிறோம். அதே பூச்சாண்டி பலூனோடு வந்து நின்றால் கை குலுக்கு என்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பவுடர், கண்மை, குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் முகத்தை அவனிடம் கொடுங்கள். அவனே பூசட்டும், கண்றாவியாகத்தான் வரும். பிறகு அவன் கையாலேயே எண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். அதுதான் முக்கியம். பூசியது கலையும், கலைந்தால் அம்மா இருப்பாள் என்று அவன் விரலுக்குத் தெரிய வேண்டும். விழாவுக்குக் கூப்பிட்டால் ஜோக்கர் வருவாரா என்று முன்கூட்டியே கேட்டு உண்மையைச் சொல்லிவிடுங்கள். 'வரமாட்டார்' என்று பொய் சொல்லி மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வயது 21. ஜோக்கர் படத்தைப் பார்த்தாலே உள்ளங்கை வியர்க்கிறது. ஹாஸ்டல் நண்பர்கள் வேண்டுமென்றே வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கர் அனுப்புகிறார்கள். சின்ன வயதில் எந்த ஜோக்கரும் என்னை ஒன்றும் செய்ததில்லை. பிறகு ஏன்?
(கோவையிலிருந்து ஒரு மாணவர்)

ஒன்றும் செய்யாமலேதான் பலருக்கும் வருகிறது தம்பி. கூல்ரோஃபோபியா என்று இதற்கு ஒரு பெயர்கூட உண்டு. பிரிட்டனில் சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பல நாடுகளைச் சேர்ந்த 987 பேரிடம் விசாரித்தார்கள். 53.5 சதவீதம் பேர் கொஞ்சமாவது பயம் உண்டு என்றார்கள். ரொம்பப் பயம் என்றவர்கள் 5 சதவீதம். ஏன் என்று கேட்டால், 'ஒரு ஜோக்கரிடம் பட்ட அனுபவம்' என்பது காரணங்களில் கடைசியாகத்தான் வந்தது. வண்ணத்துக்குப் பின்னால் அந்த ஆள் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது. அடுத்து என்ன செய்வார் என்று தெரியாதது, சினிமாவில் பார்த்தது எல்லாம் காரணங்களில் உண்டு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் நாக்ஸ் கல்லூரியைச் சேர்ந்த உளவியலாளர்கள் 2016இல் வெளியான ஓர் ஆய்வுக்காக 1,341 பேரிடம் எந்தத் தொழில் செய்கிறவரைக் கண்டால் ஒரு மாதிரியாக இருக்கிறது என்று கேட்டார்கள். பட்டியலில் சவ அடக்கம் நடத்துகிறவர்கூட இருந்தார். முதலிடம் ஜோக்கருக்கு! 35 ரூபாய்க்கு அந்தத் தொழில் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இது கொஞ்சம் வலித்தது.

வெளியே போவதே சிரமம் என்கிற அளவுக்கு இருந்தால் உளவியல் ஆலோசகரைப் பாருங்கள். முதலில் ஒரு கோட்டோவியம், பிறகு புகைப்படம், பிறகு சத்தமில்லாத வீடியோ என்று படிப்படியாகப் பழக்குவார்கள். பலருக்கும் நன்றாகப் பலன் தரும் முறை அது. ஸ்டிக்கர் நண்பர்கள் விஷயத்தில் ஒன்று செய்யுங்கள். அவர்களில் கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிறவர் யார் என்று விசாரித்து வையுங்கள். எதுவும் செய்ய வேண்டாம், உங்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்தால் போதும்.

எங்கள் காலத்தில் ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் வந்தால் தூங்குகிற பிள்ளையை எழுப்பிக் காட்டுவோம். ஒரு பிள்ளை பயந்ததில்லை. இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பயம்தானே?
(காரைக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பபூன் என்ற பெயரே அவன் கொண்டுவந்ததுதானே ஐயா! ஆனாலும் நீங்கள் சொல்வதில் பாதி சரி.

வெள்ளை முகம், கன்னத்தில் சிவப்பு, பெரிய சிவப்பு வாய் என்ற இந்த வேஷத்தை லண்டனில் நிலைநிறுத்தியவர் ஜோசப் கிரிமால்டி. 1778இல் பிறந்து 1837இல் இறந்தவர். அவர் ஆடிய கோவென்ட் கார்டன் மாதிரி அரங்குகளில் ஆயிரக்கணக்கான பேர் உட்காருவார்கள். அவர் பெயர் எடுத்த நாட்களில் மின்விளக்கு ஏது, மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும்தான். கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் முகம் தெரிய வேண்டுமென்றால் வெள்ளையை அப்பித்தான் ஆகவேண்டும், வாயைக் காதுவரை இழுத்துத்தான் ஆகவேண்டும். மேக்கப்காரனாகச் சொல்கிறேன், அது ஐம்பதடி தூரத்துக்குப் போட்ட கணக்கு. அதே முகத்தைக் கல்யாண மண்டப வாசலில் டியூப்லைட்டுக்குக் கீழே இரண்டடியில் கொண்டுவந்து நிறுத்தினால் பயப்படாமல் என்ன செய்வார்கள்? கோபுரத்துப் பொம்மையைப் பாருங்கள். தரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் எவ்வளவு லட்சணம். திருப்பணி நடக்கும்போது சாரத்தில் ஏறி ஒரு துவாரபாலகரை மூக்கோடு மூக்காகப் பார்த்திருக்கிறேன். இறங்கும்போது கால் நடுங்கியது. உயரம் மட்டும் காரணமில்லை.

கிரிமால்டி குதித்துக் குதித்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டவர். 1828இல் விடைபெற்ற நிகழ்ச்சியில் நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துதான் நடித்தார். மேடையில் தனக்குப் பின் வருவான் என்று நினைத்த மகன் குடித்தே அழிந்து 1832இல் இறந்துபோனான். அவருடைய நினைவுக்குறிப்புகளைச் சீர்செய்து 1838இல் வெளியிட்டவர் இளைஞராக இருந்த சார்லஸ் டிக்கன்ஸ். சிரிக்கிற முகத்துக்குப் பின்னால் வேறு ஒன்று இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் தெரிந்தது அப்போதுதான். இருந்தாலும் அது பரிதாபம், பயம் இல்லை.

பயம் கெட்டிப்பட்டது அமெரிக்காவில். சிகாகோ பக்கத்தில் ஜான் வேய்ன் கேசி என்பவன் பிள்ளைகளின் விழாக்களுக்கு ஜோக்கர் வேஷம் போட்டுப் போய்க்கொண்டிருந்தான். 1978 டிசம்பரில் கைதானபோதுதான் வரிசையாக முப்பதுக்கு மேல் கொலைகள் செய்தவன் என்று தெரிந்தது. 1986இல் கொலைகார ஜோக்கரை வைத்து ஒரு நாவல் வந்து சக்கைப்போடு போட்டது, பின்னால் டிவி, சினிமா என்று தொடர்ந்தது. 2016 ஆகஸ்டில் தென் கரோலினாவின் கிரீன்வில்லில், காட்டோரம் ஜோக்கர்கள் நின்று பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள் என்று புரளி கிளம்பி நாடு முழுக்கப் பரவியது. அந்த அக்டோபரில் மெக்டொனால்ட்ஸ் தன் சொந்த விளம்பர ஜோக்கரையே கொஞ்ச நாள் வெளியில் காட்டாமல் அடக்கி வைத்தது. அதையெல்லாம் நம் பிள்ளைகள் போனில் பார்த்துவிடுகிறார்கள். இதுவரை நீங்கள் சொன்னது சரி.

ஆனால் நம் பபூனுக்கு யாரும் பயப்படாததற்கு நாம் தைரியசாலிகள் என்பது காரணமில்லை. அவர் முகம் முகமாகவே இருக்கும். லேசாகப் பவுடர், கோமாளித்தனமான ஒரு சட்டை, அவ்வளவுதான். வந்ததும் ஆர்மோனியக்காரரை வம்புக்கு இழுப்பார், உங்கள் ஊர்ப் பேச்சையே பேசுவார். தெருக்கூத்தில் கட்டியங்காரனும் அப்படித்தான். திரைக்குப் பின்னால் கிரீடமும் புஜகீர்த்தியுமாக ராஜா நிற்கும்போது, இவர் நம் பக்கம் நின்றுகொண்டு 'யாருய்யா நீரு?' என்று நமக்காகக் கேட்பார். பயம் வரவேண்டிய இடத்தில் நமக்கும் வேஷத்துக்கும் நடுவில் நிற்கிற ஆள் அவர். பிறந்தநாள் ஜோக்கருக்கு முன்னால் அப்படி யாரும் நிற்பதில்லை.

நம் பிள்ளைகள் வண்ணத்துக்குப் பயப்பட மாட்டார்கள் என்று நினைத்தால் தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் போய்வாருங்கள். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு காளி வேஷம் கட்டியவர்கள் நாக்கை நீட்டிக்கொண்டு வரும்போது தோள்மேல் இருக்கும் பிள்ளைகள் வீறிட்டு அலறும். யாரும் அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள். காளியைக் கண்டால் பயப்படத்தானே வேண்டும்? அம்மாவும் பயப்படுகிறாள், கும்பிடுகிறாள், பிள்ளை சமாதானமாகிவிடுகிறது. ஜோக்கர் விஷயத்தில்தான் 'அது சிரிப்பு, நீ சிரி' என்று கட்டளை போடுகிறோம்.

குழந்தைகள் வார்டு சுவரில் ஜோக்கர் படம் வரையலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. நல்லதா?
(திருச்சியிலிருந்து ஒரு செவிலியர்)

வேண்டாம் சிஸ்டர். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்துக்காரர்கள் 4 முதல் 16 வயது வரையிலான 250க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் ஆஸ்பத்திரி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஜோக்கர் படம் பிடிக்கவில்லை என்பது 2008இல் வெளியான முடிவு. பெரிய பிள்ளைகளும் அதையேதான் சொன்னார்கள். மீனும் யானையும் வரையச் சொல்லுங்கள்.

படம் வேறு, ஆள் வேறு. நியூயார்க்கில் 1986இலேயே ஒரு சர்க்கஸ்காரர்கள் ஆஸ்பத்திரிக்கென்று தனி ஜோக்கர்களை அனுப்பத் தொடங்கினார்கள். இப்படிப் போகிறவர்கள் முகத்தில் வெள்ளை அப்புவதில்லை, பெரும்பாலும் ஒரு சிவப்பு மூக்கோடு சரி. வாசலில் நின்று 'வரலாமா?' என்று கேட்பார்கள். பிள்ளை 'வேண்டாம்' என்றால் திரும்பிவிடுவார்கள். ஊசியையும் மாத்திரையையும் வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள் கிடைக்கிறார், யோசித்துப் பாருங்கள்.

நான் விழாக்களுக்கு ஜோக்கராகப் போகிறேன் அண்ணே. பிள்ளை அழுதால் பெற்றவர்கள் என்னைத்தான் திட்டுகிறார்கள். போட்டோவுக்காகப் பிள்ளையைத் தூக்கி என் கையில் திணிப்பதும் அவர்களேதான்.
(மதுரையிலிருந்து ஒரு தொழிலாளி)

எனக்கும் நடந்திருக்கிறது தம்பி. மேலே சொன்ன ஜவுளிக்கடையில் சாயங்காலம் ஒரு குழந்தை அழுததற்கு 5 ரூபாய் பிடித்துக்கொண்டு 30தான் கொடுத்தார்கள்.

பிள்ளையைக் கையில் வாங்காதே. 'கை எல்லாம் பெயின்ட் சார், பட்டுச்சட்டையில் ஒட்டிக்கும்' என்று சொல், உடனே பின்வாங்குவார்கள். உள்ளே போனதும் ஒரு மூலையில் தரையில் உட்கார்ந்துவிடு. பிள்ளைகளைப் பார்க்காமல் பலூனை மட்டும் பார்த்து முறுக்கிக்கொண்டிரு. வருகிறது வரும். விக்கையும் மூக்கையும் பையில் வைத்திருந்து அவர்கள் எதிரிலேயே மாட்டு. விழாவுக்குக் கூப்பிட்டவர் பிகு செய்தால், வேஷம் கட்டுவதும் நிகழ்ச்சிதான் என்று சொல்லிவிடு. வாயைக் கன்னம் வரை இழுக்காதே, உன் உதட்டோடு நிறுத்து. காது உனக்கே தெரியும்.

ஊருக்கெல்லாம் பதில் சொல்கிறீர்களே, உங்களுக்கு எதைக் கண்டால் பயம்?
(சிவகாசி)

ஜவுளிக்கடைப் பொம்மை. அதுவும் ராத்திரி கடை எடுத்துவைக்கும்போது புடவையை உருவிவிட்டுத் தலையைத் தனியாகக் கழற்றி வரிசையாக வைப்பார்கள். மூடுகிற நேரத்தில் மனைவி கூப்பிட்டால் நான் வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருப்பேன்.