15 சிட்டிங் ஷாக்வேவ் பேக்கேஜ்: மொத்தமாகப் பணம் கட்டலாமா?

கேள்வி: வயது 38. வாரத்தில் நான்கு நாள் ஷட்டில் ஆடுகிறேன். சில மாதங்களாக வலது குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் வலி. காலையில் எழுந்ததும் கொஞ்ச தூரம் நொண்டித்தான் நடக்கிறேன். ஸ்கேன் பார்த்த எலும்பு டாக்டர், "தசைநாண் கிழியவில்லை, தடித்திருக்கிறது. ஆபரேஷன் வேண்டாம், பிசியோதெரபி போதும்" என்றார். பிசியோ சென்டரில் ஷாக்வேவும் லேசரும் சேர்த்து 15 சிட்டிங், மொத்தம் 22,500 ரூபாய், இன்றே கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். கட்டலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: இன்று கட்டாதீர்கள். ஷாக்வேவ் உங்கள் தொந்தரவுக்கு உதவக்கூடிய சிகிச்சைதான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் 15 தடவை தேவைப்படும் என்று முதல் நாளே யாராலும் சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய குறை, முக்கியமான சிகிச்சையான உடற்பயிற்சி பற்றி அந்த பேக்கேஜில் ஒரு வார்த்தை இல்லை.

சிறுநீரகக் கல்லை உடைக்க 1980-ல் ஜெர்மனியின் மியூனிக்கில் முதன்முதலாக மனிதரிடம் பயன்படுத்திய அதிர்வலைதான், அதாவது ஷாக்வேவ்தான், பின்னாளில் குதிகால், முழங்கை வலிக்கும் வந்தது. பல பிசியோ சென்டர்களில் இருப்பது ரேடியல் வகை. கைப்பிடிக்குள் இருக்கும் சிறு குண்டைக் காற்றழுத்தம் முன்னே தள்ள, அது முனையில் டக் டக்கென்று இடிக்கும். அந்த அழுத்தம் தோலுக்கு அருகில்தான் அதிகம். ஃபோகஸ்டு வகை ஆழமாக இறங்கும், விலையும் கூடுதல். குதிகால் தசைநாண் தோலுக்கு அடியிலேயே இருப்பதால் ரேடியல் போதும். "எங்களிடம் ஃபோகஸ்டு மெஷின்" என்று கூடுதலாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

எத்தனை சிட்டிங்? ஜெர்மனியில் ரோம்பே என்ற டாக்டரின் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒன்றாக மூன்றே சிட்டிங். 68 நோயாளிகளில் ஒரு பாதிக்குப் பயிற்சி மட்டும், மறு பாதிக்குப் பயிற்சியோடு ஷாக்வேவ். நான்கு மாதத்தில் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 56 சதவீதம், இரண்டும் செய்தவர்களில் 82 சதவீதம் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். மெஷின் கைகொடுக்கிறது, ஆனால் பயிற்சியோடு சேர்ந்துதான். லேசர் விஷயத்தில் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாகவே இருக்கின்றன. நானாக இருந்தால் அதற்குத் தனியாகப் பணம் தரமாட்டேன்.

பயிற்சி என்றால் என்ன? ஸ்வீடனில் உமெயோ நகரத்து எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-ல் எழுதிய முறையைத்தான் இன்றும் உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தில் நின்று, நல்ல காலால் எழும்பி, வலிக்கிற காலில் எடையைப் போட்டு, குதிகாலை மெல்லப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். முட்டியை நீட்டி 15 வீதம் மூன்று சுற்று, லேசாக மடக்கி இன்னொரு மூன்று சுற்று. காலை மாலை இரண்டு வேளையும், 12 வாரம். சுலபமானதும் முதுகுப் பையில் எடை ஏற்ற வேண்டும். ஆபரேஷனுக்குக் காத்திருந்த 15 பேர் இப்படிச் செய்தே மறுபடி ஓடப் போனார்கள். செய்யும்போது தாங்கக்கூடிய வலி இருக்கலாம். மறுநாள் காலை அது கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள்.

ஒன்று கவனியுங்கள். வலி குதிகால் எலும்புக்கு இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் மேலே இருந்தால்தான் இந்த முறை. எலும்போடு ஒட்டுகிற இடத்திலேயே வலித்தால் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, தரை மட்டத்தோடு நிறுத்த வேண்டும். எந்த இடம் என்று பிசியோ விரலால் அழுத்திப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதைப் பார்க்காமலே விலைப்பட்டியலை நீட்டினால் வேறு சென்டர் பாருங்கள். மூன்று சிட்டிங்குக்கு, ஒவ்வொன்றாகப் பணம் கட்டுகிறேன், பயிற்சியையும் எழுதிக்கொடுங்கள் என்று கேளுங்கள். நல்ல பிசியோ சந்தோஷமாகச் சம்மதிப்பார். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் ஷாக்வேவுக்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, பலர் இதை யோசிப்பதே இல்லை. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் இந்தத் தசைநாணைப் பலவீனமாக்கக்கூடியது. சமீபத்தில் சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் 'பட்'டென்று விட்டு, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் அது கிழிவு. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: கல்லூரியில் கபடி ஆடும் என் மகளுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. வீட்டிலேயே கரண்ட் வைக்க ஆன்லைனில் டென்ஸ் மெஷின் வாங்கலாமா? அல்ட்ராசவுண்டு வைக்கவும் சொல்கிறார்கள்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் எக்ஸ்ரே தேவையா என்று பாருங்கள். நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் மொளியின் பின்விளிம்பையோ பாதத்து எலும்பையோ தொட்டால் வலிக்கிறது என்றால் எடுத்தே ஆக வேண்டும்.

புதிய சுளுக்குக்கு அல்ட்ராசவுண்டு (ஸ்கேன் அல்ல, ஒலியலைச் சிகிச்சை) பெரிதாக உதவவில்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2011-லேயே சொல்லிவிட்டது. டென்ஸ் வலியை மட்டும் கொஞ்ச நேரம் அடக்கும், சவ்வை ஆற்றாது. வலி தெரியவில்லை என்று அவர் களத்தில் இறங்கிவிடுவாரோ என்பதுதான் என் பயம். அந்தப் பணத்தில் நல்ல ஆங்கிள் பிரேஸ் ஒன்று வாங்குங்கள். வலி குறைந்ததும் ஒற்றைக்காலில் நின்று பழகச் சொல்லுங்கள், அது மறுபடி பிசகாமல் காக்கும். அப்படியும் டென்ஸ் வாங்குவதானால் பெட்டியில் தயாரிப்பு அல்லது இறக்குமதி உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதைத் தொடக் கூடாது.

கேள்வி: முழங்கை வலிக்கு 20 சிட்டிங்குக்கு முன்பணம் கட்டினேன். ஆறு சிட்டிங்கில் வலி கூடியதால் நிறுத்திவிட்டேன். "கட்டிய பணம் திருப்பித் தரப்படாது" என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறது என்கிறார்கள்.
– வாசகர், மதுரை

பதில்: பில்லில் அச்சடித்துவிட்டதாலேயே அது சட்டமாகிவிடாது. கட்டணம் வாங்கித் தரும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்தது. மீதி 14 சிட்டிங்குக்கான தொகையைக் கேட்டு, பில் நகலை இணைத்து, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். வலி கூடியதை வேறொரு டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கி வையுங்கள், வழக்கில் அது பேசும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சேவைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட்டுவிட வேண்டும்.