பர்மா பூனை உண்மையிலேயே பர்மாவிலிருந்து வந்ததுதானா?

ஆமாம், அங்கிருந்து வந்ததுதான். ஆனால் இந்த இனம் தொடங்கியது ஒரே ஒரு பெட்டைப் பூனையிலிருந்து.

எங்கள் ஆயா ரங்கூனில் பிறந்தவர். 1964இல் அங்கே கடைகளை அரசுடைமை ஆக்கியபோது குடும்பத்தோடு கப்பலேறி வந்து வியாசர்பாடியில் குடியேறினார். அத்தோ என்ற பர்மா நூடுல்ஸைப் பிசையும்போதெல்லாம், "அங்க நம்ம வீட்டுல கருப்பட்டி நிறத்துல ஒரு பூனை இருந்துச்சு" என்பார். எனக்கு நம்பிக்கை வராது. எங்கள் தெருவில் கறுப்பு உண்டு, மஞ்சள் உண்டு, சாம்பல் வரிப் பூனை உண்டு; முழுப் பழுப்பில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. வாங் மாவ் என்ற பூனையின் கதையைப் படித்த பிறகுதான் ஆயா சொன்னது விளங்கியது.

1930இல் பர்மாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு, ஜோசப் தாம்சன் என்ற மருத்துவரிடம் வந்து சேர்ந்த சின்னப் பழுப்புப் பூனைதான் வாங் மாவ். நிறம் கூடிப்போன சயாமியப் பூனை என்றுதான் பலர் நினைத்தார்கள். தாம்சன் ஒப்பவில்லை. அதே மாதிரி கடுவன் அங்கே கிடைக்காததால், தாய் மாவ் என்ற சயாமியக் கடுவனோடு சேர்த்தார். குட்டிகளில் சில சயாமிய நிறம், சில வாங் மாவின் நிறம். அப்புறம் வாங் மாவைப் போலிருந்த மகனையே அவளோடு சேர்த்தபோது, மூன்றாவதாக ஒரு வகை பிறந்தது: உடம்பு முழுக்க அடர் பழுப்பு. அதுதான் இன்றைய பர்மா பூனை. அப்படியானால் வாங் மாவ்? அவள் பாதி சயாமியம், பாதி பர்மா. ஓர் இனத்துக்கே தாயானவள் கலப்பினம் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி.

காரணம் ஒரே மரபணுவின் இரண்டு வடிவங்கள். நிறமியை உண்டாக்கும் நொதி சூட்டில் வேலை செய்யாமல் போவதால், சயாமியப் பூனைக்குக் குளிர்ந்த இடங்களான காது, மூக்கு, கால், வால் மட்டும் கறுக்கும். பர்மா வடிவத்தில் அந்தக் குறை லேசானது. உடம்பெல்லாம் நிறம் ஏறும். வாங் மாவுக்கு இரண்டிலும் ஒவ்வொன்று இருந்தது.

1936இல் அமெரிக்காவின் சிஎஃப்ஏ (CFA) என்ற பூனைச் சங்கம் இந்த இனத்தை ஏற்றது. எண்ணிக்கைக்காகச் சயாமியத்தை அளவுக்கு மீறிக் கலந்ததால் 1947இல் அந்த ஏற்பை நிறுத்திவைத்து, சில வருடம் கழித்தே திரும்பக் கொடுத்தது. கொஞ்சம் பூனைகளிலிருந்தே பெருகிய இனம் என்பதால் மரபணு வேறுபாடு குறைவு. சில அமெரிக்க வம்சங்களில் தலை உருக்குலைந்த குட்டிகளும் பிறக்கின்றன. வாங்குவதாக இருந்தால் தாய் தகப்பனை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். நீலக் கண்ணும் நீள முடியுமாக இருந்தால் அது பிர்மன், வேறு இனம்.

போன மாதம் ஆயாவுக்குப் படம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கண்ணு இதே மஞ்சள்தான்டா" என்றார்.