நடந்தால் போதுமா, எடையும் தூக்க வேண்டுமா?

கேள்வி: வயது 48. நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்தே வேலை. ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பான எல்டிஎல் 152, நல்ல கொழுப்பான எச்டிஎல் 39. நடந்தால் போதும் என்கிறார் அக்கா, ஜிம்முக்குப் போ என்கிறாள் மகள். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, திருப்பூர்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் இரண்டும் செய்கிற வேலை வேறு. வேகமாக நடந்தால் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு குறையும், எச்டிஎல் மெல்ல ஏறும். பெண்களுக்கு அது 50-க்கு மேல் இருக்க வேண்டும், உங்கள் 39-தான் எனக்குக் கவலை. கடைக்குப் போய் நின்று நின்று காய்கறி வாங்கி வருவது கணக்கில் வராது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். வாரத்துக்கு 150 நிமிடம். எடைப் பயிற்சி எல்டிஎல்லைச் சற்றே இறக்க உதவும், அதற்கு ஜிம் கட்டாயமில்லை, வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலை இரு கையிலும் தூக்குவது என்று வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். 3 மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள். அப்புறம், மாதவிலக்கு நிற்கும் வயதில் எல்டிஎல் தானாகவே ஏறும் என்பதால் பயிற்சி மட்டும் போதாமல் போகலாம். தைராய்டு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும், அதையும் பார்த்துவிடுங்கள். மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.