டிசம்பரா, மே மாதமா? முதல் கப்பல் பயணத்துக்குத் தேதி குறிக்கும் முன்

கேள்வி: நான் தஞ்சாவூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை, வயது 63. கணவருக்கு 67. அவருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு, மருந்தில் கட்டுக்குள் இருக்கிறது. அடுத்த ஆண்டு எங்கள் திருமணத்தின் 40ஆம் ஆண்டு நிறைவு. ஐந்தாம் வகுப்பு படிக்கும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து கப்பலில் ஒரு பயணம் போய்வர ஆசைப்படுகிறோம். இதுவரை நாங்கள் வெளிநாடு சென்றதில்லை. மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் செல்லும் நான்கு இரவுப் பயணத்துக்குப் பெரியவர் ஒருவருக்கு 35,000 ரூபாயிலிருந்தும், அதே அறையில் தங்கும் பேத்திக்கு 20,000 ரூபாயிலிருந்தும் கட்டணம் என்று முகவர் சொல்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால் வருகிற டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் போகலாம், பணம் போதாவிட்டால் 12 மாதத் தவணை உண்டு என்கிறார். என் ஓய்வூதியம் மாதம் 38,000 ரூபாய், குடும்பச் செலவு 30,000. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சமும், வங்கி வைப்பில் 6 லட்சமும் இருக்கின்றன. வைப்பில் 1.5 லட்சம் வருகிற டிசம்பரில் முதிர்கிறது. மகளிடமும் மருமகனிடமும் பணம் வாங்க விருப்பமில்லை. எப்போது போகலாம், எப்படிச் சேர்க்கலாம்?

பதில்: அம்மா, டிசம்பரை விட்டுவிடுங்கள், அடுத்த ஆண்டு மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்களுக்குள் வாரநாளில் புறப்படும் ஒரு பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம், தவணைக் கடனும் வேண்டாம். உங்கள் திட்டத்தில் மிகப் பெரிய நிதி முடிவு தேதிதான். கப்பல் கட்டணம், விமானக் கட்டணம், சேமிக்கக் கிடைக்கும் அவகாசம், கடலின் நிலை ஆகிய நான்கும் அதைப் பொறுத்தே அமைகின்றன.

டிசம்பரை நான் தவிர்க்கச் சொல்வதற்கு மூன்று காரணங்கள் உண்டு. நவம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் முடியும்வரை சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஆண்டிறுதி விடுமுறை என்பதால் அங்குள்ள குடும்பங்களே கப்பலை நிரப்பிவிடுகின்றன. கிறிஸ்துமஸ், புத்தாண்டுத் தேவையும் அதனுடன் சேர்கிறது. முகவர் சொன்ன விலையில் உள்ள ‘இலிருந்து’ என்ற ஒட்டைக் கவனியுங்கள்: அது பெரும்பாலும் ஆண்டின் மலிவான தேதியில், ஜன்னல் இல்லாத உட்புற அறைக்கான விலை, டிசம்பர் கடைசி வாரத்துக்கானது அன்று. அடுத்து, சிங்கப்பூரில் டிசம்பரும் ஜனவரியும் வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும் மாதங்கள். நம் டெல்டாப் பகுதியிலும் அதே காலத்தில் புயலும் மழையும் விமானங்களைத் தாமதப்படுத்தக்கூடும். மூன்றாவதும் முக்கியமானதுமான காரணம், டிசம்பர் என்றால் உங்களுக்குச் சேமிக்க ஆறு மாதம்கூட முழுதாக இல்லை. தவணைக் கடனின் தேவையே அதனால்தான் எழுகிறது.

நீங்கள் இருவர் மட்டும் போவதாக இருந்தால் சீனப் புத்தாண்டு வாரத்தை விலக்கிவிட்டு பிப்ரவரி கடைசியையோ மார்ச் முதல் வாரத்தையோ சொல்லியிருப்பேன். புக்கெட் பக்கம் வறண்ட வானிலையும் அமைதியான கடலும் இருக்கும் காலம் அது. பேத்திக்காகத்தான் மே மாதத்துக்கு வருகிறேன். பொங்கல் விடுமுறை நான்கைந்து நாள்தான். விமானப் பயணமும் சிங்கப்பூரில் தங்கும் நாள்களும் சேர்ந்தால் உங்களுக்கு ஏழு நாளாவது வேண்டும். மே மாதத்திலோ நம் குழந்தைகளுக்கு விடுமுறை, சிங்கப்பூர்க் குழந்தைகளுக்குப் பள்ளி. அவர்களுடைய ஆண்டு நடுவிடுமுறை மே கடைசியில்தான் தொடங்கி ஜூன் முழுவதும் நீடிக்கிறது. இந்த இடைவெளிதான் உங்களுக்குச் சாதகம். மே 1 அங்கும் பொது விடுமுறை. மே மாதத்தில் விசாக தினம் போன்ற விடுமுறைகளும் வரக்கூடும். ஆகவே நீண்ட வாரயிறுதிகளைத் தவிர்த்து, திங்கள் அல்லது செவ்வாயன்று புறப்படும் பயணத்தைக் கேளுங்கள்.

மே நடுப்பகுதியைத் தாண்ட வேண்டாம் என்பதற்குக் கடலே காரணம். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் அந்தமான் கடல் கொந்தளிக்கும். புக்கெட்டில் பல கப்பல்கள் படோங் கடற்கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு, பயணிகளைச் சிறு படகுகளில் கரைக்கு அனுப்புகின்றன. அலை உயர்ந்தால் இறங்குவதே ரத்தாகிவிடும், அதற்காகப் பயணக் கட்டணம் திரும்ப வராது. மலாக்கா நீரிணை சுமத்ராவுக்கும் மலேசியத் தீபகற்பத்துக்கும் நடுவே ஒதுங்கியிருப்பதால் அங்கு அலை குறைவு. எனவே கிடைத்தால் புக்கெட் இல்லாமல் பினாங்கு, மலேசியாவின் மற்றொரு துறைமுகமான போர்ட் கிளாங் செல்லும் வழியை எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறையிலேயே கட்டப்படுகிறது. அங்கிருந்து லிட்டில் இந்தியாவும், 1833இல் கட்டப்பட்ட மகா மாரியம்மன் கோயிலும் நடந்து செல்லும் தொலைவில் இருக்கின்றன. கப்பல் நிறுவனம் விற்கும் கரைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டாமலே நீங்கள் அந்த நாளைக் கழிக்கலாம், இட்லியும் கிடைக்கும்.

இனிக் கணக்குக்கு வருவோம். கப்பல் கட்டணம் மூவருக்கும் சேர்த்து 90,000 ரூபாய். துறைமுகக் கட்டணமும் வரிகளும் பெரும்பாலும் தனி. தலைக்கு 8,000 என்று 24,000 வைத்துக்கொள்வோம். பல கப்பல்களில் பணியாளர்களுக்கான டிப்ஸ் கட்டாயம்போலவே கணக்கில் ஏறும். நாளொன்றுக்குத் தலைக்கு 18 அமெரிக்க டாலர் எனக் கொண்டால் மூவருக்கு நான்கு நாளில் 216 டாலர், டாலருக்கு 90 ரூபாய் எனக் கணக்கிட்டால் ஏறத்தாழ 19,500 ரூபாய். திருச்சியிலிருந்து நேரடி விமானத்தில் போய்வர மே மாத விலையில் தலைக்கு 25,000 வீதம் 75,000. சிங்கப்பூரில் முன்னும் பின்னும் ஒவ்வோர் இரவு தங்க 26,000. விசாவுக்கு 10,500, காப்பீட்டுக்கு 9,000, கரையில் செலவு, டாக்சி, சிறு பொருள்கள் ஆகியவற்றுக்கு 30,000. இவை என் உத்தேச மதிப்பீடுகள். முகவரின் எழுத்து மூலமான விலைப் பட்டியலைக் கொண்டு திருத்திக்கொள்ளுங்கள். மொத்தம் 2,84,000 ரூபாய் வருகிறது. ரூபாயின் மதிப்புச் சரிவுக்கும் எதிர்பாராச் செலவுக்கும் 28,000 சேர்த்தால் 3,12,000. முகவர் சொன்ன 90,000 உங்கள் மனத்தில் மொத்தச் செலவாகப் பதிந்திருந்தால், தயவுசெய்து அதை இன்றே மாற்றிக்கொள்ளுங்கள். முதல் முறை போகிறவர்களில் பலர் திரும்பி வந்த பிறகுதான் இந்த வேறுபாட்டை உணர்கிறார்கள்.

இந்தத் தொகை உங்களால் கடனின்றித் திரட்டக்கூடியதே. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீத வட்டியில் 15 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 30,750 ரூபாய் வருகிறது. ஜூலை, அக்டோபர், ஜனவரி, ஏப்ரல் ஆகிய நான்கு தவணைகளில் 1,23,000 சேரும். ஓய்வூதியத்தில் மிஞ்சும் 8,000 ரூபாயை இந்த ஜூன் முதல் ஏப்ரல் வரை ஒதுக்கினால் 88,000. இரண்டும் சேர்ந்து 2,11,000. குறைவது 1,01,000, அதை டிசம்பரில் முதிரும் 1.5 லட்சத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், மீதி 49,000 மீண்டும் வைப்புக்குப் போகட்டும். எஞ்சிய 4.5 லட்சம் வைப்பு உங்கள் கணவரின் மருத்துவத்துக்கான அரண். அதைப் பயணத்துக்காக முறிக்கவே கூடாது. 15 லட்சத்தையும் தொடாதீர்கள்: அந்தக் கணக்கை ஓராண்டு கடந்து இரண்டு ஆண்டு முடியுமுன் மூடினால் அசலில் 1.5 சதவீதமும், அதன்பின் மூடினால் 1 சதவீதமும் பிடிப்பார்கள்.

இதற்கெனத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி எல்லாவற்றையும் அதில் போடுங்கள். பங்குச் சந்தை ஃபண்டில் போட்டுப் பெருக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். பதினொரு மாதத்தில் தேவைப்படும் பணத்துக்கு அது இடமன்று. அஞ்சலகத் தொடர் வைப்பும் ஐந்தாண்டுக்கானது என்பதால் பொருந்தாது. பிப்ரவரி இறுதிக்குள் உங்கள் கணக்கில் 2,65,250 ரூபாய் இருக்க வேண்டும்; கப்பலுக்கும் விமானத்துக்கும் அதற்குள் தேவைப்படுவது 1,89,000. அந்த அளவை எட்ட முடியாமல் போனால் நான்கு இரவை மூன்று இரவாகக் குறையுங்கள், கடன் வாங்காதீர்கள்.

மூவர் தங்கும் அறைகள் எண்ணிக்கையில் குறைவு. எனவே வருகிற அக்டோபர் அல்லது நவம்பரில் முன்பதிவு செய்யுங்கள். இந்த வார விலை போய்விடுமே என்ற கவலை வேண்டாம். கப்பல் நிறுவனங்கள் ஆண்டு முழுவதும் சலுகை அறிவிக்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரைதான் சலுகைகள் அதிகம் என்றாலும், குழந்தையோடு குறிப்பிட்ட இரு வாரங்களுக்குள் போக வேண்டிய நீங்கள் அதுவரை காத்திருந்து அறையை இழக்கக் கூடாது. முன்பணம் கட்டுமுன் மூன்று விவரங்களை எழுத்தில் வாங்குங்கள்: முன்பணம் திரும்பக் கிடைக்குமா, எந்தெந்த நாளில் ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், முழுப் பணம் கட்டக் கடைசி நாள் எது. பின்னால் விலை குறைந்தால் வித்தியாசத்தைத் தருவார்களா என்றும் கேட்டுவையுங்கள்.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு விற்கும் முகவர் டிசிஎஸ் என்ற வரியை உங்களிடம் வசூலித்து வருமான வரித்துறைக்குக் கட்டுவார். 2020 அக்டோபரில் 5 சதவீதமாகத் தொடங்கிய இந்த வரியின் விகிதமும் வரம்பும் பலமுறை மாறியிருப்பதால், பணம் கட்டும் நாளில் நடப்பு விகிதத்தைக் கேளுங்கள். இது உங்கள் கணக்கில் வரவாகும் முன்வரிதான். ஓய்வூதியமும் மூத்த குடிமக்கள் திட்ட வட்டியும் சேர்ந்து உங்கள் ஆண்டு வருமானம் 5,79,000 ரூபாய். வங்கி வைப்பின் வட்டியைச் சேர்த்தாலும் புதிய வரி முறையில் உங்களுக்கு வரி வராது. பிடித்தது முழுவதும் திரும்பக் கிடைக்கும், ஆனால் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால் மட்டுமே. பதிவை உங்கள் பான் எண்ணிலேயே செய்யுங்கள். மருமகன் உதவியாகத் தன் பெயரில் பதிவு செய்தால் வரவும் அவர் பெயரில்தான் நிற்கும்.

காப்பீட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கப்பலில் மருத்துவர் உண்டு. ஆனால் அங்கு சிகிச்சைக்கு வெளிநாட்டுப் பணத்தில் நீங்களே கட்டிவிட்டுப் பிறகு கோர வேண்டியிருக்கும். கடலிலிருந்து கரை மருத்துவமனைக்கு அவசரமாகக் கொண்டுசெல்ல நேர்ந்தால் அந்தச் செலவு உங்கள் முழுச் சேமிப்பையும் விழுங்கக்கூடியது. கப்பல் பயணத்தையும் அவசர வெளியேற்றத்தையும் ஏற்கெனவே உள்ள நோயையும் உள்ளடக்கிய பாலிசியை, கணவரின் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் மறைக்காமல் எழுதி, கப்பலுக்கு முன்பதிவு செய்யும் நாளையொட்டியே வாங்குங்கள். அப்போதுதான் இடையில் உடல்நலக் குறைவால் பயணம் ரத்தானாலும் பாலிசியின் விதிப்படி கோர முடியும். மருந்துகளும் மருத்துவரின் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

என்னிடம் ஆலோசனை பெற்ற ஒரு தம்பதியர், ஓட்டல் செலவை மிச்சப்படுத்த எண்ணிக் கப்பல் புறப்படும் நாளன்று காலையில் சேரும் விமானத்தை எடுத்தார்கள். விமானம் ஐந்து மணி நேரம் தாமதமானது, கப்பல் போய்விட்டது, முழுக் கட்டணமும் போயிற்று. கப்பல் யாருக்காகவும் நிற்பதில்லை. ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். நான் கணக்கில் வைத்த அந்த 26,000 ரூபாயில் கைவைக்கவே கூடாது.

கப்பலில் எல்லாச் செலவும் அறைக் கணக்கில் ஏறி இறுதியில் அட்டையில் பிடிக்கப்படும். டெபிட் அட்டையைக் கொடுத்தால் செலவழிக்காத தொகையும் சில நாள் முடக்கப்படலாம். ஆகவே வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் அட்டையை வங்கியில் வாங்கி, அது கப்பலில் ஏற்கப்படுமா என்று கேட்டுக்கொண்டு, கடைக்காரர் ரூபாயில் பில் போடவா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். கடலில் செல்பேசியின் ரோமிங்கை அணைத்துவையுங்கள், கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் அது தானாகச் சேர்ந்தால் பில் பெரிதாகும்.

மூவரின் பாஸ்போர்ட்டும் பயண முடிவிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று பாருங்கள், ஏனெனில் கப்பலில் போய்த் திரும்புவது இரண்டாவது நுழைவாகும். மலேசியாவும் தாய்லாந்தும் இந்தியர்களுக்குத் தரும் விசா விலக்குகள் மாறக்கூடியவை. ஏப்ரலில் மறுபடி சரிபாருங்கள். பேத்தி பெற்றோரின்றிப் பயணம் செய்வதால், உங்களுடன் செல்ல அனுமதிக்கிறோம் என்று மகளும் மருமகனும் கையெழுத்திட்டு நோட்டரியிடம் சான்று பெற்ற கடிதமும், பேத்தியின் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். கப்பல் நிறுவனம் கேட்கும் படிவத்தை முன்பதிவின்போதே முகவரிடம் வாங்கிவிடுங்கள்.